தொப்பி எங்கடா?

சித்தப்பா காதிலிருந்து இயர்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. "வலந்தலை நல்லா கேக்குது. தொப்பி எங்கடா?"

நடந்தது 2008-ல். அவர் அப்போதுதான் தபால் துறையிலிருந்து ஓய்வுபெற்றிருந்தார். வேலை தபால் துறையில் என்றாலும் மனசு முழுக்க மிருதங்கத்தில்தான். கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் உற்சவக் கச்சேரி, கல்யாணக் கச்சேரி என்று முப்பது வருடம் பக்கவாத்தியம் வாசித்தவர். எண்பதுகளில் யாரோ ஒரு புண்ணியவான் டேப் ரெக்கார்டரை மேடைக்கு முன்னால் வைத்துப் பதிந்து கொடுத்த கேசட்டுகள் ஒரு டஜன் அவரிடம் இருந்தன. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, எம்பி3 ஆக்கி, ரிச்சி தெருவில் 900 ரூபாய்க்கு வாங்கிய பெயரில்லாத பிளேயர் ஒன்றில் போட்டு, ஓய்வுப் பரிசு என்று பெருமையாக நீட்டினேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி.

மிருதங்கம் பழக்கமில்லாதவர்களுக்கு: வலது கைப் பக்கம் வலந்தலை, நடுவில் கருப்பாகச் சோறு என்னும் பூச்சு, கணீரென்று சுருதியில் பேசும். இடது பக்கம் தொப்பி, அதில் ரவையைக் குழைத்து அப்புவார்கள், அதனால் கனத்த கீழ்நாதம் வரும். ஒரு கட்டை சுருதி என்றால் சட்ஜம் கிட்டத்தட்ட 130 ஹெர்ட்ஸ்; தொப்பி அதற்கும் கீழே முழங்கும். கும்கி என்று இடது கையின் அடிப்பகுதியை அழுத்தி இழுக்கும்போது வயிற்றில் ஒரு அசைவு தெரியுமே, அதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அது போய்விட்டால் மிருதங்கம் மேஜையில் விரலால் தட்டுவது போல ஆகிவிடும். நான் கொடுத்த பிளேயரில் அப்படித்தான் கேட்டது. எனக்கு அது உறைக்கவில்லை, சித்தப்பாவுக்கு முதல் ஆவர்த்தனத்திலேயே உறைத்துவிட்டது.

கேசட்டிலேயே இல்லையோ என்று முதலில் நினைத்தேன். அதே ஃபைலைக் கம்ப்யூட்டரோடு இருந்த ஊஃபர் ஸ்பீக்கரில் போட்டால் தொப்பி ஜம்மென்று வந்தது. சரி, இயர்போன்தான் மட்டம் என்று வேறு இயர்போன் வாங்கினேன், 16 ஓம் (இயர்போனின் மின்தடை அளவு), கொஞ்சம் நல்லது. மாற்றமில்லை. ஈக்வலைசரில் பேஸைக் கூட்டினால் பாடகர் குரல் கரகரத்தது, தொப்பி வரவில்லை. அப்புறம் ஒரு நாள், ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வேலை செய்யும் நண்பன் வீட்டுக்குப் போனபோது அவனுடைய 250 ஓம் ஹெட்ஃபோனைச் சும்மா இதில் செருகிப் பார்த்தேன். சத்தம் ரொம்பக் கம்மி, கொசு பாடுவது போல. ஆனால் அந்தக் கம்மிச் சத்தத்துக்குள் தொப்பி இருந்தது!

அதே பிளேயர், அதே ஃபைல். ஹெட்ஃபோன் மாறினால் காணாமல் போனது எப்படித் திரும்ப வரும் என்று தேடப் போய்த்தான் இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தது. இன்றுவரை விடவில்லை.

பிளேயரைப் பிரித்துப் பார்த்தேன் (பிரிப்பதற்கு ஸ்குரூகூட இல்லை, நகத்தால் நெம்பினால் போதும்). இயர்போன் ஓட்டைக்குப் பக்கத்தில் மஞ்சளாக இரண்டு சின்னக் கட்டிகள், மேலே 107 என்று அச்சு. டான்டலம் கெபாசிட்டர். 107 என்றால் 10-க்குப் பின்னால் ஏழு சைபர் பிகோஃபாரட், அதாவது 100 மைக்ரோஃபாரட். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று.

அவை அங்கே ஏன் இருக்கின்றன என்றால், ஒற்றை பேட்டரியில் ஓடும் இந்த மாதிரி சர்க்யூட்டில் ஆம்ப்ளிஃபையரின் வெளியீடு சைபரைச் சுற்றி ஆடாது, பேட்டரி வோல்டேஜில் பாதியைச் சுற்றி ஆடும். அந்தப் பாதி வோல்டேஜ் நேராக இயர்போனுக்குப் போனால் காயில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரியும் தீரும், காயிலும் சூடேறும். அதைத் தடுக்கும் காவல்காரன்தான் கெபாசிட்டர்: நின்றுகொண்டிருக்கும் மின்சாரத்தை விடாது, ஆடுகிற மின்சாரத்தை மட்டும் விடும். சிக்கல் என்னவென்றால், மெதுவாக ஆடுவதையும் அது அரைகுறையாகத்தான் விடும். எவ்வளவு மெதுவானதிலிருந்து மறிக்கும் என்பது அதன் அளவையும் இயர்போனின் ஓமையும் சேர்ந்தது. இரண்டையும் பெருக்கி, அதை 6.28-ஆல் பெருக்கி, ஒன்றை அதால் வகுத்தால் கிடைக்கிற ஹெர்ட்ஸில் சத்தம் 3 டெசிபெல் இறங்கியிருக்கும், அதற்குக் கீழே போகப் போக இன்னும் இறங்கும்.

போட்டுப் பாருங்கள் (பிளேயருக்கு உள்ளேயே இருக்கும் தடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம்). 100 மைக்ரோஃபாரட், 16 ஓம்: கிட்டத்தட்ட 100 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸில் 7 டெசிபெல் காலி. அதே கெபாசிட்டர், 32 ஓம் இயர்போன்: 50 ஹெர்ட்ஸ். 250 ஓம் ஹெட்ஃபோன்: 6 ஹெர்ட்ஸ் சொச்சம், அதாவது காதுக்குக் கேட்கிற எல்லைக்கே கீழே, ஒன்றும் போகாது. சித்தப்பாவின் தொப்பி அந்தச் சரிவில்தான் விழுந்திருக்கிறது. நான் "நல்ல" இயர்போன் என்று 16 ஓம் வாங்கியதில் நிலைமை மாற வாய்ப்பே இல்லை.

இதற்கு மருந்து பெரிய கெபாசிட்டர். 470 மைக்ரோஃபாரட் போட்டால் 16 ஓமிலும் 21 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆனால் கட்டைவிரல் அளவுப் பெட்டிக்குள் அதற்கு இடமும் வேண்டும், பைசாவும் வேண்டும். இன்னொரு வழி, கெபாசிட்டரே தேவைப்படாதபடி சிப்புக்குள்ளேயே நெகட்டிவ் வோல்டேஜ் உண்டாக்கி வெளியீட்டைச் சைபரில் நிறுத்துவது. இப்போது வரும் பெரும்பாலான சிப்புகள் இப்படித்தான் செய்கின்றன, அதனால் இந்தக் குறிப்பிட்ட வியாதி இன்று அருகிவிட்டது. 2008-ல் 900 ரூபாய்க்கு அந்த பாக்கியம் இல்லை. (அந்தப் பிளேயரில் 4 ஜிபி என்று போட்டிருந்தது, உண்மையில் 1 ஜிபிதான். மேலும் மேலும் ஏற்ற ஏற்ற, முதல் கேசட்டு அழிய ஆரம்பித்தபோதுதான் அது தெரிந்தது. அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் கட்டுரை முடியாது.)

2010-ல் அலுவலக நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வரும்போது சான்டிஸ்க் சான்சா கிளிப் பிளஸ் என்ற பிளேயர் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். 2007-ல் வந்த கிளிப்பின் அடுத்த பதிப்பு, 2009-ல் வந்தது, மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம். கிட்டத்தட்ட தீப்பெட்டி அளவுதான், சட்டைப் பையில் மாட்டினால் கனமே தெரியாது. உள்ளே ஆஸ்திரிய நிறுவனம் ஒன்றின் சிப். கணக்குப் போடுவது, எம்பி3 பிரிப்பது, ஒலியாக மாற்றுவது, இயர்போனை ஓட்டுவது எல்லாம் அந்த ஒரே சிப்தான். ஆடியோ பித்தர்கள் காசு கொட்டி வாங்கும் தனி டாக் சிப்பு (எண்களை ஒலியாக மாற்றுவது), தனி ஆம்ப்ளிஃபையர் எதுவும் கிடையாது. ஆனால் செருகிய முதல் நொடியில் தொப்பி வந்தது. 16 ஓமிலேயே.

கிளிப்புக்கு இன்னொரு அழகு, ராக்பாக்ஸ். 2001 கடைசியில் ஸ்வீடன்காரர்கள் சிலர் ஆர்கோஸ் பிளேயரில் வந்த மென்பொருள் பிடிக்காமல் தாங்களே எழுத ஆரம்பித்த இலவச மென்பொருள் அது. இணையம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் கர்ல் நிரலை எழுதிய டேனியல் ஸ்டென்பர்க் அதன் ஆரம்பகால ஆட்களில் ஒருவர். ராக்பாக்ஸ் போட்டதும் கிளிப்பில் சத்தத்தின் அளவு 17, 18 என்றில்லாமல் டெசிபெலிலேயே தெரிந்தது. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் போனது.

ஏனென்றால் இரண்டு பிளேயரை ஒப்பிடுகிறோம் என்று உட்கார்ந்து நாம் செய்கிற முதல் தப்பு சத்தத்தில்தான். ஒன்று இன்னொன்றைவிட ஒரு டெசிபெல் அதிகமாக இருந்தால், சத்தம் அதிகம் என்று நமக்குத் தோன்றாது, 'தெளிவாக இருக்கிறது', 'உயிர் இருக்கிறது', 'மேடை விரிகிறது' என்றெல்லாம்தான் தோன்றும். ஒரு டெசிபெல் என்பது வோல்டேஜில் வெறும் 12 சதவீதம். அதிலும் கீழ்நாதத்துக்குத் தனிக் கணக்கு: சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை மற்றதைவிட வேகமாகக் கைவிடும், இதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வரைந்துவிட்டார்கள். ஆக, சத்தத்தைக் கூட்டினாலே தொப்பி கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி இருக்கும். கடைக்காரர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். எதை விற்க வேண்டுமோ அதை ஒரு சுற்று கூட்டி வைத்துத்தான் காதில் மாட்டிவிடுவார்கள்.

அதனால் சத்தத்தைச் சமப்படுத்தாமல் எழுதப்பட்ட எந்த ஒப்பீட்டையும் நான் இப்போது நம்புவதில்லை, நானே முன்னால் எழுதியவை உட்பட. சமப்படுத்த மல்டிமீட்டர் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வீட்டில் கிடக்கும் மஞ்சள் நிற மலிவு மீட்டரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அதில் ஏசி அளவு 200 வோல்ட்டில்தான் ஆரம்பிக்கும், பிளேயர் தருவதோ அரை வோல்ட்கூட இல்லை. நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பனிடம் நல்ல மீட்டராக இரவல் வாங்கினேன். 400 ஹெர்ட்ஸ் ஒற்றை ஸ்வரத்தை ஃபைலாக்கி ஓடவிட்டு, ஒய் கேபிளில் ஒரு பக்கம் இயர்போன், ஒரு பக்கம் மீட்டர். இயர்போனைச் செருகிய நிலையில்தான் அளக்க வேண்டும், கழற்றிவிட்டு அளந்தால் எண் பொய் சொல்லும்.

அது ஏன் பொய் சொல்லும் என்பதில்தான் அடுத்த சங்கதி இருக்கிறது. 900 ரூபாய்ப் பிளேயரில் ஒன்றும் செருகாமல் 0.300 வோல்ட் வைத்தேன். 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இயர்போனுக்குப் பதிலாகச் செருகியதும் 0.225-க்கு விழுந்தது. கிளிப்பில் அதே சோதனையில் 0.300-லிருந்து 0.290. விழுந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டால் மலிவுப் பிளேயரின் உள்தடை 11 ஓம், கிளிப்பினுடையது ஒரு ஓம் சொச்சம். தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் குழாயில் அடைப்பு, ஒரு வாளி வைத்தால் சரியாக வரும், நாலு குழாய் திறந்தால் எல்லாவற்றிலும் சொட்டும்.

சாதாரண இயர்போனில் இது பெரிதாகத் தெரியாது, மொத்தச் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனால் காதுக்குள் நுழையும் வகையில், ஒரே காதுக்கு இரண்டு மூன்று குட்டி டிரைவர் வைத்த இயர்போன்கள் இருக்கின்றனவே, அவற்றின் ஓம் ஒரே எண்ணில் நிற்காது. ஒரு ஸ்வரத்தில் 6 ஓம், இன்னொன்றில் 60 என்று தாவும். உள்தடை 10 ஓம் இருக்கிற பிளேயரில் செருகினால் அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் 7 டெசிபெல் வித்தியாசம் வந்துவிடும். அதாவது பிளேயரே ஈக்வலைசர் ஆகிவிடுகிறது, நமக்குத் தெரியாமல். 'இந்த பிளேயருக்கும் அந்த இயர்போனுக்கும் பொருத்தம் இல்லை' என்று ஜாதகம் பார்ப்பது போலப் பேசுகிறார்கள் இல்லையா, அதில் பாதிக்கு விளக்கம் இந்த ஒரு எண்தான். இயர்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே பிளேயரின் உள்தடை இருந்தால் நிம்மதி என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். எந்தப் பெட்டியிலும் இந்த எண்ணைப் போட மாட்டார்கள். ஒலியை எவ்வளவு நுணுக்கமாக எண்ணாக்குகிறது என்பதைத்தான் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று தங்க எழுத்தில் போடுவார்கள்.

அந்த 24 பிட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 16 பிட்டில் மிகப் பெரிய சத்தத்துக்கும் மிகச் சின்னச் சத்தத்துக்கும் நடுவே 96 டெசிபெல் இடம் இருக்கிறது. சித்தப்பாவின் கேசட்டில் டேப்பின் இரைச்சலைத் தாண்டி ஐம்பது, அறுபது டெசிபெல் தேறினால் பெரிது. கேசட்டுக்கு 24 பிட் என்பது ஒண்டுக் குடித்தனத்துக்குக் கல்யாண மண்டபம் பிடிப்பது போல. கேசட்டை விடுங்கள், பஸ்ஸில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு 16 பிட்டே முழுசாகத் தேவைப்படாது.

இதற்கு நேர்மாறாக, யாரும் விளம்பரம் செய்யாத ஒரு குறை காதில் உடனே படும்: பாட்டு ஆரம்பிப்பதற்கு முன் வருகிற 'ஸ்ஸ்ஸ்'. மலிவு பிளேயர்கள் பலவற்றில் இந்த இரைச்சல் சத்தத்தைக் குறைத்தாலும் குறையாது, அதே அளவில் நிற்கும், ஏனென்றால் அது வால்யூம் குமிழுக்கு அப்புறம், கடைசி ஆம்ப்ளிஃபையரில் உண்டாகிறது. கூருணர்வுள்ள இயர்போன் போட்டால் ஆலாபனையின் இடைவெளிகளில் தம்புராவுக்குப் பக்கத்தில் யாரோ அப்பளம் பொரிப்பது போல இருக்கும். என் பழைய பிளேயரில் திரை விளக்கு எரியும்போது ஒரு 'கிர்ர்ர்', மெமரியைப் படிக்கும்போது இன்னொரு ரகம். கிளிப்பில் இரைச்சல் சுத்தமாக இல்லை என்று சொல்ல மாட்டேன், காதைத் தீட்டினால் மெல்லியதாகக் கேட்கும், ஆனால் தம்புரா அதை மூடிவிடும்.

ஃபைலின் தரத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழியெல்லாம் பிளேயர் மேல் விழும். அந்தக் காலத்தில் இடம் மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் 128 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 128 கிலோபிட்) மாற்றியிருந்தேன். குரலுக்கும் வயலினுக்கும் அது பரவாயில்லை. ஜால்ராவும் கஞ்சிராவும் வந்தால் மாட்டிக்கொள்ளும். திடீரென்று விழும் கூர்மையான தட்டுக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே அதன் நிழல் மாதிரி ஒரு கசிவு எம்பி3-யில் வரும். அப்புறம் எம்பி3 ஆக்கும் லேம் என்கோடர் நிரலில் 190 சுமாருக்கு மறுபடி மாற்றினேன். அதற்கும் ஃப்ளாக்கிற்கும் (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபைல் வகை) வித்தியாசம் கண்டுபிடிக்க முயன்று தோற்றதை இங்கே வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

தோற்றது அது மட்டுமில்லை. போன வருடம் சீனாவில் தயாரான புது பிளேயர் ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். கிளிப்பைவிட 'காற்றோட்டமாக' இருக்கிறது என்று முதல் வாரம் முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அக்கா பையனை உட்காரவைத்து முறையாகச் செய்தோம்: கிளிப், புது பிளேயர், கூடவே போனில் மாட்டி இயர்போனைச் செருகும் ஆப்பிளின் சின்ன டாங்கிள் (அமெரிக்காவில் விலை 9 டாலர்). மூன்றும் மீட்டரில் ஒரே வோல்டேஜ். கண்ணில் துண்டு. அவன் காசு சுண்டி எதைச் செருகுவது என்று முடிவு செய்வான், நான் இது எது என்று சொல்ல வேண்டும். முதலில் கிளிப்புக்கு எதிராகப் புது பிளேயர், 12 தடவை. "மாமா, ஏழு சரி" என்றான். காசு சுண்டினாலே ஆறு வரும். டாங்கிளோடு வைத்ததில் ஐந்து. "9,000 ரூபாய்க்குப் பிரியாணி சாப்பிட்டிருக்கலாம் மாமா" என்று வேறு சொன்னான்.

ஆனால் அதே நாள், அதே துண்டு, சும்மா ஒரு ஆர்வத்தில் பழைய 900 ரூபாய்ப் பிளேயரையும் தேடி எடுத்துச் சேர்த்தோம். 12-க்கு 12. மூன்றாவது தடவைக்கு மேல் நான் யோசிக்கவே இல்லை. மோசமானதற்கும் ஒழுங்கானதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது, அதை எந்தக் காதும் கண்டுபிடிக்கும். ஒழுங்கானதற்கும் அதைவிட விலை கூடினதற்கும் நடுவே எனக்குத் தெரிந்து இருப்பது திரை, பேட்டரி, புளூடூத், பெருமை. புது பிளேயரை நான் விற்கவில்லை. திரை பெரிது, பாட்டுப் பெயர் தமிழில் ஒழுங்காகத் தெரிகிறது.

கிளிப் வாங்க வேண்டும் என்று இப்போது கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பின்னால் வந்த கிளிப் ஸ்போர்ட், கிளிப் ஜாம் இரண்டும் பெயரில்தான் கிளிப், ராக்பாக்ஸ் அவற்றில் ஏறாது. பழைய கிளிப் பிளஸ் கிடைத்தாலும் பேட்டரி செத்திருக்கும். போனும் டாங்கிளும் இருந்தால் பேசாமல் அதிலேயே கேளுங்கள். டாங்கிளிலும் ஒன்றைக் கவனியுங்கள், ஐரோப்பாவில் விற்கும் பதிப்பு வோல்டேஜில் பாதிதான் தரும், ஆன்லைனில் எது வருகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

என் கிளிப் 2010-லேயே சித்தப்பாவிடம் போய்விட்டது, சோதனைக்கு மட்டும் இரவல் வாங்கிவருவேன். முதன்முதலில் அதை அவர் காதில் மாட்டிவிட்ட நாள் ஞாபகம் இருக்கிறது. மன்னார்குடிப் பக்கம் ஏதோ கல்யாணத்தில் அவர் வாசித்தது. கண்ணை மூடிக்கொண்டார், இடது கை தொடையில் தானாக வாசிக்க ஆரம்பித்தது. அரை மணி நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"தொப்பி இருக்கா சித்தப்பா?"

"இருக்குடா. ஆனா தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரவை காஞ்சுபோச்சு பாரு. தண்ணி தொட்டு வச்சிருக்கணும். அப்ப கவனிக்கலை."

வாங்கிக் கேட்டேன். பல்லவி முடிகிற இடத்தில் தொப்பியின் கனம் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டே போவது, சொன்ன பிறகு, எனக்கும் கேட்டது. பழைய பிளேயரில் அதே இடத்தைப் போட்டுப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி இருந்தது.